அண்டாவில் விழாத அரிசி

அந்த டின்னைத் திறந்தவள் நான்தான்.

பேக்கரிகளில் ரஸ்க் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரிப் பெரிய சதுர டின். எங்கள் சபை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையல்கட்டில், அடுப்பு மேடைக்குக் கீழே, பழைய சாக்குகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தது. வெளியே தூறல். அடுப்பில் அண்டா நிறைய உலை கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து அரிசி பற்றவில்லை. எங்காவது ஒரு படி மிச்சம் கிடக்காதா என்று குனிந்து துழாவியபோதுதான் அது கையில் தட்டியது.

மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். உள்ளே பாதிக்கு மேல் அரிசி. வண்டு ஊர்ந்தது. புடைத்தால் போய்விடும் என்று ஒரு கை அள்ளிப் பார்த்தேன். குண்டு குண்டாக, சிவப்புக் கோடு ஓடிய அரிசி.

நிமிர்ந்தால் வாசலில் லில்லி நிற்கிறாள். கையில் கழுவித் துடைத்த தூக்குப் பாத்திரம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எஸ்தர் அக்காவின் கத்திச் சத்தம் நின்றுபோனது.

கைப்பிடி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பகுதி பேக்கரிகளைப் பற்றி எழுதிவிட்டு, நோன்புக் காலத்துச் சமோசாவை மறந்துபோனதற்காக பிரேசர் டவுன் வாசகர் ஒருவர் என்னை வறுத்தெடுத்திருக்கிறார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் சமோசா பிழைத்துக்கொள்ளும். இந்த வாரம் அரிசி.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். தினமும் சோற்றுக்கு அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு துணிப்பையில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தப் பையைப் பெண்கள் சங்கத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கைப்பிடி அரிசி என்று பெயர். இதில் பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேச்சே எழாது. எல்லோருக்கும் ஒரு கைதானே.

அழகான வழக்கம். சமைக்கிறவளுக்குத்தான் தலைவலி. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, பங்களாக்காரம்மா ஒருவர் கொண்டுவரும் பாசுமதி வேறு. எல்லாம் ஒரே பீப்பாயில் கலந்தால் எப்படிச் சோறு வடிப்பது? ஒன்று குழைந்திருக்கும், இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கஞ்சி. பாசிப்பயறு, பூண்டு, வெந்தயம் போட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் விட்டு, கையெடுக்காமல் கிண்டினால் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகிவிடும்.

புதன்கிழமைதோறும் அந்தக் கஞ்சியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம். பார்க்க ஆளில்லாமல் கிடப்பவர்களுக்கு ஊற்றிவிட்டு வருவோம். நான் அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். புதன்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் கஞ்சி, மாலையில் டிரங்க் கால். பூண்டு வாசனையோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள்.

சமையல்கட்டு எஸ்தர் அக்காவின் ராஜ்ஜியம். ரயில்வேக்காரர் மனைவி, பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். உப்பையும் மிளகாயையும் வேறு யாரையும் தொட விடமாட்டார். தொட்டால் தொலைந்தோம். ஆனால் அண்டாவில் போட்டுக் கிண்டுகிற நீளத் துடுப்பு மட்டும் லில்லியிடம் இருக்கும்.

லில்லி வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைத்தவள். குழந்தை இல்லை. ஒல்லியான உடம்பு, ஆனால் அந்தத் துடுப்பைப் பிடித்தால் அண்டாவே அவள் சொல்பேச்சுக் கேட்கும். அவள் கணவனுக்கு அத்திபெலேயில் லேத் பட்டறை வேலை. அந்த ஊர்ச் சந்தையிலிருந்து வருகிற சிவப்புக் கோட்டு அரிசிதான் அவர்கள் வீட்டில் எப்போதும். எங்கள் சபையில் வேறு யாரும் அந்த அரிசி தின்று நான் பார்த்ததில்லை. வெள்ளைக் கஞ்சியில் அங்கங்கே சிவப்பாகத் தெரிந்தால் அது லில்லி வீட்டுக் கைப்பிடி.

பின்பக்கத்து அறை

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஊரெல்லாம் எய்ட்ஸ் என்ற பேச்சு. சுவர்களில் மண்டையோடு வரைந்து ஜனங்களைப் பயமுறுத்தினார்கள். பயம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. நோய் எப்படி வராது என்று யாரும் அவ்வளவு பெரிதாக எழுதிப் போடவில்லை.

நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்காரர்களைப் பின்பக்கம் ஓர் அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். முதல்முறை நாங்கள் அங்கே போனபோது வாசலில் இருந்த ஆயா கையை நீட்டி மறித்தாள். “ஒளகே ஹோகபேடி அம்மா,” உள்ளே போகாதீர்கள் என்கிறாள் கன்னடத்தில்.

எஸ்தர் அக்கா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். “யாகம்மா? அவ்ரு மனுஷ்ரு அல்வா?” என்று ஒரே ஒரு கேள்வி. அவர்கள் மனிதர்கள் இல்லையா என்று அவர் கேட்ட தோரணையில் அந்த ஆயா தானாக விலகிக்கொண்டாள்.

சங்கத்தில் இதைப் பற்றிப் பெரிய கலாட்டா. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், புருஷன் திட்டுகிறார், இனி வரமாட்டோம் என்று சிலர் நின்றுகொண்டார்கள். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, அவர்தான் சங்கத் தலைவி, ஒரு லேடி டாக்டரை அழைத்துவந்து பேச வைத்தார். தொட்டால் வராது, கூடச் சாப்பிட்டால் வராது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். டீயும் பன்னும் சாப்பிட்டுக் கலைந்தோம்.

கஞ்சி நிற்கவில்லை. அது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மற்றவர்கள் ஓடுகிற இடத்துக்கு நாங்கள் போகிறோம் என்ற பெருமை. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஜெப விண்ணப்பம்

பிறகு லில்லியின் கணவன் செத்துப்போனான். காய்ச்சல் என்றார்கள், காசம் என்றார்கள். சில மாதம் கழித்து லில்லிக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அவனுக்கு அந்த நோய் எப்படி வந்தது என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலரும் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்களில் கடைசியில் ஜெப விண்ணப்பம் கேட்பார்கள். அவரவர் பாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் என்ன சொல்வார்கள்? மகன் பரீட்சை, முழங்கால் வலி, வீடு கட்ட வாங்கிப் போட்ட சைட்டில் இருக்கிற வில்லங்கம். உண்மையான பாரத்தை யாரும் அங்கே இறக்கி வைப்பதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சொல்லித் தராத ஒழுங்கு.

லில்லிக்கு அந்த ஒழுங்கு புரியவில்லை. அவள் முறை வந்தபோது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். “எனக்கும் எச்.ஐ.வி இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க.”

ஐயரம்மாதான் முதலில் சுதாரித்துக்கொண்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

செய்தி எப்படிப் பரவியது தெரியுமா? எல்லாம் ஜெபமாகவேதான் பரவியது. “நம்ம லில்லிக்காகக் கொஞ்சம் ஜெபத்துல நெனச்சுக்குங்க, பாவம்” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, விஷயம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் விவேக் நகர் வரைக்கும் போய்விட்டது. வம்பு பேசினோம் என்ற குற்ற உணர்ச்சிகூட யாருக்கும் இல்லை. ஜெபம்தானே கேட்டார்கள்!

அடுத்த புதன்கிழமை லில்லி சமையல்கட்டுக்கு வந்தபோது எஸ்தர் அக்கா அவள் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். “நீ ரெஸ்ட் எடுடி. இந்தப் பொகையில நிக்காதே. நாங்க பாத்துக்கிறோம்.” அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் லில்லி வீட்டுக்கும் ஒரு தூக்கில் கஞ்சி போனது. அதையும் அன்பாகத்தான் செய்தோம். கஞ்சி கொடுக்கிறவளாக இருந்தவளை வாங்குகிறவளாக மாற்றிவிட்டோம் என்று எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

ஆனால் அவள் கைப்பிடி அரிசியை நிறுத்தவில்லை. கணவன் போன பிறகும் நாத்தனார் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் அரிசி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லில்லி வரிசையில் நின்று தன் பையை எஸ்தர் அக்காவிடம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பாள்.

“போன வாரம் கஞ்சி எப்படி வந்துச்சிக்கா?”

“நல்லா வந்துச்சிடி. உன் அரிசி போட்டா கேக்கணுமா?”

இப்படியே பல ஞாயிற்றுக்கிழமைகள். பக்கத்தில் நின்று நானே கேட்டிருக்கிறேன்.

ஒண்ணாச்சும் இருக்குமான்னு

இப்போது அந்தத் தூறல் காலைக்கு வருகிறேன். என் கையில் சிவப்பரிசி. வாசலில் லில்லி.

“அது வந்து, வண்டு விழுந்துச்சின்னு எடுத்து வெச்சது,” என்றார் எஸ்தர் அக்கா. அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“அது என் அரிசிக்கா.”

“இல்லடி, கொஞ்சம்தான்...”

“தெரியும்க்கா. எப்பவோ தெரியும்.” லில்லி தூக்கைக் கீழே வைத்தாள். “வீட்டுக்குக் கஞ்சி அனுப்புறீங்க இல்ல? அதுல செவப்பு இல்ல. மொதல்ல நான் கவனிக்கல. அப்புறம் வாராவாரம் தட்டுல ஊத்தி, ஸ்பூனால தள்ளித் தள்ளிப் பாத்தேன். ஒண்ணாச்சும் இருக்குமான்னு. ஒண்ணுகூட இல்லக்கா.”

தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து, நாங்கள் அனுப்பிய கஞ்சியில் தன் அரிசியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, எல்லாம் தெரிந்துகொண்டே, கஞ்சி எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறாள்.

“அப்புறம் ஏண்டி விடாம கொண்டாந்து குடுத்தே?” என்று நான்தான் கேட்டேன். எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

“குடுக்காம எப்படிக்கா? அரிசி அளந்தா கை தன்னால எடுக்குது.”

அப்போது மூலையில் இன்னொரு பெண்ணோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்த மேபல் வாயைத் திறந்தார். மேபல் எங்கள் சங்கத்துப் பொருளாளர், ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர், கெட்டவர் இல்லை. “கோச்சுக்காதே லில்லி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். நீ இப்ப வாங்கிக்கிற நெலமையில இருக்கே. குடுக்கிறது எங்க பொறுப்பா இருந்துட்டுப் போகட்டுமே.”

லில்லி எஸ்தர் அக்கா பக்கம் திரும்பினாள். அவர் படபடவென்று கொட்டினார்.

“நாலஞ்சு வூட்டுக்காரங்க என்கிட்ட நேராவே சொல்லிட்டாங்கடி. உன் அரிசி அண்டாவுல விழுந்தா அவங்க அரிசி வராதாம். அரிசி வரலன்னா வார்டுக்கு இன்னாத்த ஊத்துறது? அந்தப் பின்னாடி ரூம்ல கெடக்கிறதுங்களுக்கு வேற யாரு இருக்காங்க? நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு.”

சொன்னதில் பொய் இல்லை. லில்லியா, வார்டா என்று இத்தனை மாதமும் அந்தப் பெண்மணி தனக்குள்ளேயே மல்லுக்கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அரிசியைக் கீழே கொட்டவும் மனமில்லாமல் டின்னில் போட்டுப் போட்டு வைத்திருக்கிறார்.

லில்லி அண்டாவை எட்டிப் பார்த்தாள். உலை கொதித்துக் கொதித்துத் தண்ணீர் குறைந்திருந்தது.

“சரிக்கா. என்னால அவங்க பட்டினி கெடக்க வாணாம்,” என்றாள். “இதை நான் எடுத்துக்கினு போறேன். இனிமே கொண்டார மாட்டேன்.”

என் கையிலிருந்த அரிசியை வாங்கி டின்னில் போட்டாள். குனிந்து டின்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. அண்டாவையே ஆட்டிவைத்தவள், அந்த டின்னைத் தரையிலிருந்து ஒரு சாண்கூடத் தூக்க முடியாமல் மறுபடி குனிந்தாள்.

“வெய்யிடி கீழே,” என்றார் எஸ்தர் அக்கா.

லில்லி கேட்காமல் மூன்றாவது முறை குனிந்தாள்.

“வெய்யின்றேன் இல்ல!”

இப்போது பழைய குரல். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஐயரம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். எஸ்தர் அக்கா சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்தார், டின்னைத் தன் பக்கம் இழுத்தார், வாசல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்தார். வண்டெல்லாம் தூறலில் போய் விழுந்தது. ஐயரம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து கல் பொறுக்கினார்.

“எஸ்தர், யோசிச்சுச் செய்யுங்க,” என்றார் மேபல். “இது என் ஒருத்தியோட பேச்சு இல்ல.”

“நெறைய யோசிச்சாச்சி.”

மேபல் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பூண்டு உரித்த அந்தப் பெண்ணும் கூடவே போனார். எஸ்தர் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரிசியை நாலு தண்ணீரில் களைந்து அண்டாவில் கொட்டினார். துடுப்பை எடுத்து லில்லியிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

“நின்னு பாத்துக்கினே இருந்தா வெந்துருமா? கிண்டு.”

லில்லி துடுப்பை வாங்கினாள். கிண்டத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கிண்டினாள்.

தண்ணீர்க் கஞ்சி

எஸ்தர் அக்கா பயந்தது நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீப்பாயில் பாதிகூட அரிசி இல்லை. ஐயரம்மா ஆராதனை முடிந்ததும் எழுந்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். சிலர் எழுந்து வெளியே போனார்கள். பல வாரம் எங்கள் கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. நான் எக்ஸ்சேஞ்சில் வாய்விட்டு அரிசி கேட்டேன். பூண்டு வாசனைக்கு முகம் சுளித்த அந்தப் பக்கத்து சீட்டுக்காரியே ஒரு பை சோனா மசூரி கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். அவள் சர்ச்சுக்காரிகூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அண்டா நிறைந்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மேபல் வரவில்லை.

லில்லி வார்டுக்கும் வரத் தொடங்கினாள். பின்பக்கத்து அறையில் ஒரு பெண், நாங்கள் என்ன சொன்னாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கஞ்சியைத் தொடவே மாட்டாள். லில்லி அவள் கட்டிலில் போய் உட்கார்ந்து ஏதோ மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பினாள்.

“நீயுமா?”

“ஆமா.”

“நீதான் ஆக்குனியா?”

“நானும்தான்.”

“அப்ப ஊத்து.”

அந்த அறைக்கு நாங்கள் அத்தனை நாள் போய்வந்த பெருமையெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. போனால் போகட்டும். அவள் சாப்பிட்டாளே.

நல்ல மருந்து ஏழைகள் கைக்கு எட்டாத காலம் அது. லில்லி இன்னொரு மழைக்காலம் வரைக்கும் கிண்டினாள். முதலில் நின்றுகொண்டு, பிறகு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு. பிறகு ஒரு நாள் அவளையும் அந்தப் பின்பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரப் புதன்கிழமை எஸ்தர் அக்கா மற்ற கட்டில்களை எங்களிடம் விட்டுவிட்டு நேரே அவளிடம் போனார். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, லில்லியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கஞ்சியை டம்ளரில் ஆற்றி, ஸ்பூனால் கொடுத்தார். லில்லி ஒரு வாய் விழுங்கினாள். முகம் சுளித்தாள்.

“இன்னாக்கா இது, அடி புடிச்சிருக்குது.”

எஸ்தர் அக்காவின் சமையலைக் குறை சொல்லிவிட்டுத் தப்பியவர்கள் எங்கள் சபையில் கிடையாது. போதகரே ஒருமுறை மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார். நான் கையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

“புடிக்காம?” என்றார் எஸ்தர் அக்கா, அடுத்த ஸ்பூனை ஊதிக்கொண்டே. “நீ வந்து கிண்டுனாத்தானே.”

லில்லி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.